தூத்துக்குடியில் ‘3-ம் எண் கூண்டு’... கடலுக்குச் சொல்வது என்ன, நமக்குச் சொல்லாதது என்ன?

ஐப்பசி, கார்த்திகை வந்தால் டி.வி-யின் அடியில் ஓடும் அந்த வரி நமக்கெல்லாம் மனப்பாடம். ‘தூத்துக்குடி, பாம்பன் துறைமுகங்களில் 3-ம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றம்.’ 1-ஐ விட 3 மோசம், 3-ஐ விட 7 மோசம், 10 என்றால் ஊரே காலி... நானும் ரொம்ப நாள் அப்படித்தான் நினைத்திருந்தேன். அது பாதிதான் சரி.

முதலில், கூண்டு என்றால் என்ன? கம்பத்தில் ஏற்றப்படும் கூம்பு, உருளை வடிவங்கள். இரவில் அவற்றுக்குப் பதிலாகச் சிவப்பு, வெள்ளை விளக்குகள். 1864-ல் கொல்கத்தாவைப் பெரும்புயல் புரட்டிப்போட, அடுத்த ஆண்டே அங்கே துறைமுகத்துக்கென எச்சரிக்கை ஏற்பாடு தொடங்கியது. ரேடியோ இல்லாத காலம். கப்பலில் இருப்பவர் கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

மொத்தம் 11 எண்கள். 1, 2 இரண்டும் தொலைவில் நடப்பதைச் சொல்பவை. 1 என்றால் நடுக்கடலில் தாழ்வு மண்டலம், 2 என்றால் அங்கே புயலே உருவாகிவிட்டது. 3-ல் இருந்துதான் பேச்சு நம் துறைமுகத்துக்கு வருகிறது. பலத்த தரைக்காற்றுடன் மழை இங்கே தாக்கலாம் என்பது 3. புயலே இங்கு வரலாம் என்பது 4.

5, 6, 7-ல்தான் பலர் குழம்புகிறோம். இவை மூன்றும் ஒரே அளவு ஆபத்துதான். மாறுவது திசை. புயல் போகும் பாதைக்கு இடப்பக்கம் துறைமுகம் இருந்தால் 5, வலப்பக்கம் இருந்தால் 6, புயல் துறைமுகத்தின் மேலேயோ மிக அருகிலேயோ கடந்தால் 7. நம் பக்கத்துக் கடலில் புயலின் வலப்பக்கம்தான் காற்று அதிகம் என்பதால், மாலுமிக்கு இந்த வித்தியாசம் முக்கியம். இதே கணக்கு தீவிரப் புயலுக்கு வந்தால் 8, 9, 10. கடைசி எண் 11 இருக்கிறதே, வானிலை மையத்துடன் தொடர்பே அறுந்துவிட்டது என்று அர்த்தம். எனக்கென்னவோ பட்டியலில் அதுதான் பயமுறுத்துகிறது.

தூத்துக்குடிக்குக் குறுக்கே இலங்கை நிற்கிறது. வங்கக் கடல் புயல்கள் நேராக வந்து மோதுவது குறைவு. ஆனால், தீவைத் தாண்டியும் வரும். 1964 டிசம்பரில் அப்படி வந்ததுதான் தனுஷ்கோடியை அழித்தது. 2020 டிசம்பர் 2 இரவு திரிகோணமலை அருகே கரை கடந்த ‘புரெவி’யும் மன்னார் வளைகுடாவுக்குள் நுழைந்தது. அங்கேயே வலுவிழந்து நின்றுவிட, மழை கொட்டியதோ கடலூர் பக்கம். சிதம்பரம் நடராஜர் கோயிலுக்குள் தண்ணீர் நின்றது நினைவிருக்கும்.

புயல் வராவிட்டாலும் கடல் முன்கூட்டியே மாறிவிடும். முத்துக்குளிப்பு நடந்த காலத்தில், அதை மார்ச் முதல் மே வரையில்தான் வைத்தார்கள். இரண்டு பருவக்காற்றுகளுக்கும் இடையில் கடல் தெளிந்து கிடக்கும் மாதங்கள் அவை. 1961-க்குப் பிறகு முத்துக்குளிப்பு இல்லை. சங்கு குளிப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். எங்கோ எழும் பேரலை அடிமணலைக் கிளப்பினால் போதும், நீர் கலங்கி கீழே எதுவும் தெரியாது. திரேஸ்புரத்தில் நாட்டுப்படகுகள் கரையேறி நிற்கும் ஒவ்வொரு நாளும் வருமானமில்லாத நாள். மூன்று நாள் தடை என்று நாம் படித்துவிட்டுக் கடந்துபோகும் செய்திக்குப் பின்னால், மூன்று நாள் அடுப்புக் கணக்கு இருக்கிறது.

சரி, கூண்டை ஏற்றியபோது ஏற்கெனவே ஆழ்கடலில் இருப்பவர்? 2017 நவம்பர் 29-ல் தாழ்வு மண்டலமாக இருந்தது, மறுநாள் காலையே ‘ஒக்கி’ புயல். பல நாள் தங்கல் மீன்பிடிக்குப் போயிருந்த குமரி மாவட்ட மீனவர்களுக்குக் கரையிலிருந்த எந்தக் கூண்டும் தெரிந்திருக்காது. செயற்கைக்கோள் வழியே படகுக்கே எச்சரிக்கை அனுப்பும் ‘ஜெமினி’ கருவி அறிமுகமானது 2019-ல்தான்.

இன்னொன்று. கூண்டின் கணக்கு புயலும் காற்றும்தான். ஊருக்குள் எத்தனை சென்டிமீட்டர் மழை பெய்யும் என்று அது சொல்லாது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தூத்துக்குடி மாவட்டத்தை மூழ்கடித்தது புயலே அல்ல, குமரிக்கடல் பகுதியில் நிலவிய வளிமண்டலச் சுழற்சி. ஸ்ரீவைகுண்டத்தில் ரயில் பயணிகள் வெள்ளத்துக்கு நடுவே சிக்கித் தவித்தார்கள். ஒரே நாளில் 20 செ.மீ-க்கு மேல் பெய்தாலே வானிலை மையம் அதை ‘அதி கனமழை’ என்கிறது. அன்று 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் பதிவானது 95 செ.மீ.