ஓட்டுநர் பக்கத்து வெயில்

நாமக்கல் லாரி ஓட்டுநர்களின் இரண்டு கைகளையும் சேர்த்து வைத்துப் பாருங்கள். பலருக்கு வலது கை கூடுதலாகக் கறுத்திருக்கும். ஸ்டீயரிங் வலப்பக்கம், கண்ணாடியை இறக்கிவிட்டு, முழங்கையை வெளியே வைத்தபடிதான் பாதி இந்தியாவைக் கடக்கிறார்கள். அமெரிக்காவில் ஸ்டீயரிங் இடப்பக்கம். அங்கே 28 ஆண்டுகள் டெலிவரி டிரக் ஓட்டிய 69 வயதுக்காரர் ஒருவரின் படத்தை 2012-இல் ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்’ வெளியிட்டது. முகத்தின் இடப்பாதி மட்டும் தடித்து, சுருங்கிக் கிடந்தது. ஜன்னலை ஏற்றிவிட்டாலும் புறஊதா ‘ஏ’ கதிர் பக்கவாட்டுக் கண்ணாடியை ஊடுருவி வந்துவிடும்.

வெள்ளைத் தோல்காரர்களுக்கு இப்படி வெயில் பட்டுப்பட்டுச் சொரசொரப்பான செதில் திட்டுகள் வரும். ‘ஆக்டினிக் கெரட்டோசிஸ்’ என்பார்கள். பெரும்பாலானவை புற்றாக மாறுவதில்லை. எது மாறும் என்று முன்கூட்டியே சொல்ல முடியாது என்பதால், திரவ நைட்ரஜனால் உறையவைத்து உதிர்த்துவிடுகிறார்கள்.

நம் மெலனின் நமக்குப் பெரிய காவல். இந்தத் திட்டு இங்கே அபூர்வம்தான். இல்லாத பூதத்தைக் காட்டிப் பயமுறுத்த வேண்டியதில்லை. ஆனால் காவல் தளர்ந்த இடங்கள் உண்டு. கீழுதடு வெயிலை நேரே வாங்குகிறது, பீடியும் புகையிலையும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். உதடு வறண்டு, வெள்ளை படர்ந்து, ஓரக்கோடு மங்கினால் அது வெறும் வெடிப்பு அல்ல. பிறவியிலேயே நிறமி இல்லாத பிள்ளைகளுக்கு இளவயதிலேயே தோல் புற்று வரலாம். முழுக்கைச் சட்டையும் தொப்பியும் அவர்களுக்கு மருந்துக்குச் சமம். பழைய தீக்காயத் தழும்பில் ஆண்டுக்கணக்கில் ஆறாத புண்ணோ புற்றாக மாற வெயிலே தேவையில்லை. கறுத்த தோலில் வரும் புற்று பல நேரம் இத்தகைய தழும்பில்தான் தொடங்குகிறது, தாமதமாகத்தான் கண்ணில் படுகிறது.

தாமதத்துக்குக் காரணம் ‘சூட்டுல வந்தது, தானா போயிடும்’ என்ற பேச்சு. அடுத்தது மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு கலந்த டியூப். அரிப்பை அடக்கி நோயை மறைத்துவிடும். எல்லாவற்றையும்விட மோசமானது, ‘கத்தி பட்டா பரவிடும்’ என்ற பயம். துளி சதை எடுத்துச் செய்யும் பயாப்ஸியால் தோல் புற்று பரவாது. ஆரம்பத்தில் சின்ன அறுவையோடு முடிவது, விட்டுவைத்தால் நெறிக்கட்டு வரை போகும்.

ஒரு மாதமாகியும் ஆறாத புண், தொட்டால் கசியும் தழும்பு, உதட்டில் தடிப்பு, இவற்றில் ஏதாவது இருந்தால் லோடு இறக்கிய மறுநாளே சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ, நாமக்கல் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ ஓபி சீட்டுப் போட்டு, தோல் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.