ஒல்லாந்தப் பறங்கியர்

ஒல்லாந்தப் பறங்கியர் என்போர், இலங்கையில் ஒல்லாந்தர் (டச்சுக்காரர்) ஆட்சிக் காலத்தில் குடியேறிய ஐரோப்பியரின் வழிவந்த இனக்குழுவினர் ஆவர். தென்னாப்பிரிக்காவின் போயர்களும் இவர்களும் ஒரே வணிகக் கம்பனியின் குடியேற்றங்களில் இருந்து தோன்றியவர்கள்.

தோற்றம்

ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனி 1652 இல் நன்னம்பிக்கை முனையில் தளம் அமைத்தது. 1656 இல் கொழும்பையும் 1658 இல் யாழ்ப்பாணத்தையும் போர்த்துக்கேயரிடம் இருந்து கைப்பற்றியது. கம்பனிப் பணியில் இருந்து விலகிச் சொந்தத் தொழில் செய்தோர் இரு இடங்களிலும் 'பர்கர்', அதாவது நகரக் குடிமக்கள், எனப்பட்டனர். இவர்களுள் ஒல்லாந்தருடன் செருமானியரும் பிரெஞ்சுக்காரரும் இருந்தனர்.

போயர்களுடன் ஒப்பீடு

'போயர்' என்னும் ஒல்லாந்தச் சொல்லின் பொருள் உழவர் என்பதாகும். நன்னம்பிக்கை முனையில் 1657 முதல் பர்கர்களுக்கு விளைநிலம் வழங்கப்பட்டது. கொய்கொய் மக்களின் மேய்ச்சல் நிலங்கள் பறிபோயின. குடியேறியோர் உழவராகவும் மந்தை வளர்ப்போராகவும் உள்நாட்டில் பரவினர். அவர்களது பேச்சுவழக்கு ஆபிரிக்கான மொழியாக வளர்ந்தது.

இலங்கையில் இவ்வாறு நிகழவில்லை. இங்கு விளைநிலங்கள் ஏற்கனவே உள்ளூர் உழவர் வசம் இருந்தன. எனவே பர்கர்கள் கொழும்பு, காலி, யாழ்ப்பாணம் போன்ற துறைமுக நகரங்களிலேயே வாழ்ந்தனர். 1796 இல் பிரித்தானியர் ஆட்சி வந்தபின் ஆங்கிலம் கற்று அரசுப்பணி, சட்டம், மருத்துவம் ஆகியவற்றில் சேர்ந்தனர். ஒல்லாந்த மொழி வழக்கொழிந்தது.

இரண்டாம் போயர் போரில் (1899-1902) பிரித்தானியரிடம் சிறைப்பட்ட போயர்களுள் சுமார் 5,000 பேர் இலங்கையின் தியத்தலாவை முகாமில் வைக்கப்பட்டனர். பிரித்தானியரை எதிர்த்துப் போரிட்டோர் கைதிகளாக வந்த அதே தீவில், அவர்களைப் போன்றே கம்பனிக் குடியேறிகளின் வழிவந்தோர் பிரித்தானிய அரசின் அலுவலர்களாக இருந்தனர்.

அடையாளம்

1908 இல் கொழும்பில் ஒல்லாந்தப் பறங்கியர் சங்கம் நிறுவப்பட்டது. கம்பனிக் கால ஐரோப்பியர் ஒருவரின் வழித்தோன்றல் என்பதைத் தந்தைவழியில் நிறுவுவோரே அதில் உறுப்பினராக முடிந்தது. இவ்விதி, மட்டக்களப்பு, திருகோணமலைப் பகுதிகளில் போர்த்துக்கேயக் கிரியோல் பேசிய, பெரும்பாலும் கைவினைஞர்களான போர்த்துக்கேயப் பறங்கியரை விலக்கி வைத்தது. ஆயினும் வம்சாவளி மட்டும் எல்லையாக இருந்ததில்லை. எழுத்தாளர் மைக்கேல் ஒண்டாச்சி பிறந்த புகழ்பெற்ற பறங்கிக் குடும்பத்தின் மூதாதை, 17ஆம் நூற்றாண்டில் தஞ்சாவூரில் இருந்து வந்த தமிழ் மருத்துவர் எனக் கூறப்படுகிறது.

இன்றைய நிலை

1956 இன் தனிச் சிங்களச் சட்டத்துக்குப் பின்னர், ஆங்கிலத்தையே தாய்மொழியாகக் கொண்டிருந்த பலர் அரசுப்பணி வாய்ப்பை இழந்து ஆத்திரேலியாவுக்குப் புலம்பெயர்ந்தனர். இலங்கை மக்கள்தொகையில் பறங்கியர் அனைவரும் சேர்ந்து சுமார் 0.2 விழுக்காட்டினரே.