கடனுக்கும் ஓர் எல்லைக்கோடு வேண்டும்

திருத்தணி தமிழகத்தோடு சேர்ந்தது 1960 ஏப்ரல் 1 அன்று. ம.பொ.சி. முன்னின்று நடத்திய வடக்கெல்லைப் போராட்டத்துக்குப் பின், 1959-இல் நாடாளுமன்றம் இயற்றிய சட்டத்தால் எல்லைக்கோடு மாறியது. மாநில எல்லையைத் தீர்மானிக்கும் அதே நாடாளுமன்றத்திடம்தான் மத்திய அரசின் கடனுக்கு எல்லை வகுக்கும் அதிகாரத்தையும் அரசியலமைப்பின் 292-ஆவது பிரிவு கொடுத்திருக்கிறது. ஆனால் வகுத்தே தீர வேண்டும் என்று சொல்லவில்லை. நாடாளுமன்றம் இந்தக் கடமையைச் செய்யும் என்று எதிர்பார்ப்பதாக 1949-இல் அரசியல் நிர்ணய சபையில் அம்பேத்கர் கூறினார். அதற்கென நிதிப் பொறுப்புச் சட்டம் வர 2003 ஆயிற்று. தமிழகமும் அதே ஆண்டு தனக்கொரு சட்டம் இயற்றிக்கொண்டது.

வரவுக்குள் செலவு என்பதை அரசியலமைப்பிலேயே எழுதிவிடலாமே என்ற யோசனை பல நாடுகளில் எழுந்ததுண்டு. அமெரிக்க செனட்டில் 1997-இல் இதற்கான அரசியலமைப்புத் திருத்தத்துக்கு ஆதரவாக 66 வாக்குகள் விழுந்தன. தேவையான எண்ணிக்கைக்கு ஒரு வாக்குக் குறைந்ததால் திருத்தம் தோற்றது. ஜெர்மனி 2009-இல் எழுதியே விட்டது. 2025-இல் பாதுகாப்புச் செலவுக்காக அதே விதியைத் தளர்த்தவும் நேர்ந்தது. கொரோனா ஆண்டான 2020-21-இல் நம் மத்திய அரசின் நிதிப் பற்றாக்குறை மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 9 சதவீதத்தைத் தாண்டியது. அன்று கடனே கூடாது என்றிருந்தால் ஏழைகளுக்கு இலவச அரிசி எங்கிருந்து வந்திருக்கும்? முழுச் சமநிலையைக் கட்டாயமாக்குவதை ஏற்க முடியாது.

ஆனால் கடனில் இரண்டு வகை உண்டு. சென்னை–திருப்பதி சாலையை அகலப்படுத்தக் கடன் வாங்கினால், அதை அடைக்கப்போகும் பிள்ளைகளும் அந்தச் சாலையில்தான் போவார்கள். திருத்தணியைச் சுற்றி அம்மையார்குப்பத்திலும் பொதட்டூர்பேட்டையிலும் ஓடும் விசைத்தறிகளுக்கு மாநில அரசு தரும் இலவச மின்சாரமோ அந்தந்த ஆண்டே தீர்ந்துபோகிற செலவு. நெசவாளிக்கு அது அவசியம், தொடரவும் வேண்டும். அதற்கான பணம் அந்த ஆண்டின் வரியிலிருந்து வர வேண்டும். அன்றாடச் செலவுக்குக் கடன் வாங்குவதைத்தான் வருவாய்ப் பற்றாக்குறை என்கிறார்கள். 2013-14-க்குப் பிறகு தமிழக பட்ஜெட்டை அது விட்டபாடில்லை.

மத்திய அரசின் வருவாய்ப் பற்றாக்குறையை அடியோடு நீக்குவதுதான் 2003-ஆம் ஆண்டு மத்தியச் சட்டத்தின் முதல் இலக்கு. கெடு தள்ளித் தள்ளிப் போனது. 2018-இல் இலக்கையே எடுத்துவிட்டார்கள், அதுவும் பட்ஜெட்டோடு வரும் நிதி மசோதாவுக்குள் சேர்த்து. பண மசோதாவாக வந்தால் மாநிலங்களவையால் அதைத் தடுக்க முடியாது. ஆண்டுதோறும் பட்ஜெட் போடுகிறவரே மாற்றிக்கொள்ளக்கூடிய வரம்பு வரம்பே அல்ல. இதற்கிடையே 2024-25 மத்திய பட்ஜெட்டில் வட்டிக்கு மட்டும் 11 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல் ஒதுக்கினார்கள்.

வருவாய்ப் பற்றாக்குறை இலக்கு சட்டத்துக்குள் திரும்ப வேண்டும். அதை மாற்ற வேண்டுமானால் தனி மசோதாவாக இரு அவைகளிலும் விவாதித்தே மாற்ற வேண்டும். அடுத்த தேர்தலில் வாக்குக் கேட்டு வருகிறவர்களிடம் இந்த இரண்டுக்கும் பதில் கேளுங்கள்.