சல்லி கொடுத்த பின்னும் சொந்தமாகாத கார்

புறக்கோட்டையில் துணிக்கடை வைத்திருக்கும் இளம் வியாபாரி ஒருவர் அண்மையில் என்னிடம் கேட்டார்: "சல்லி குடுத்து வாங்கின சாமான விக்க ஏலாதா நானா? இது என்ன நியாயம்?"

அவர் கேட்டது மல்யுத்த வீரர் ஜோன் சீனாவின் கார் வழக்கைப் பற்றி. வேடிக்கைச் செய்தி போலத் தோன்றினாலும், முகவர் ஒப்பந்தங்களில் கையெழுத்திடும் நம்மவர்கள் அறிந்துகொள்ள வேண்டிய பாடம் அதில் இருக்கிறது.

ஃபோர்ட் நிறுவனம் 2016ஆம் ஆண்டு 'ஜீ.டீ.' என்னும் அதிவேக ஸ்போர்ட்ஸ் காருக்கு விண்ணப்பம் கோரியது. ஒன்றின் விலை சுமார் நாலரை இலட்சம் டொலர். முதலிரு வருடங்களுக்கான 500 கார்களுக்கு 6,506 விண்ணப்பங்கள் வந்தன. பணம் இருந்தால் மட்டும் போதாது. யாருக்குக் கொடுப்பது என்பதைக் கொம்பனியே தீர்மானித்தது. தெரிவானவர்கள், 24 மாதங்களுக்குக் காரை விற்பதில்லை என்று ஒப்பமிடவும் வேண்டியிருந்தது. சீனா சில வாரங்களிலேயே விற்றுவிட்டார். 2017 நவம்பரில் ஃபோர்ட் வழக்குத் தொடுத்தது. 2018இல் இரு தரப்பும் இணக்கத்துக்கு வந்தன. சீனா மன்னிப்புக் கேட்டார். இணக்கப்பாட்டில் பெறப்பட்ட தொகை தர்மப் பணிக்கு வழங்கப்படும் என அறிவிக்கப்பட்டது.

இத்தகைய கார்களை வாங்குபவர் மூன்று வாசல்களைக் கடக்க வேண்டியிருக்கிறது.

முதலாவது, கொள்வனவு வாசல். ஒரு பிரதேசத்துக்கு ஒரே விநியோகஸ்தரை நியமிப்பது ஒரு முறை. குறித்த தகைமையுள்ள சிலரை மட்டும் தெரிவு செய்வது இன்னொரு முறை. எதுவானாலும் வாங்குபவருக்குப் பேரம் பேச இடம் குறைகிறது. அமெரிக்காவில் உற்பத்தியாளர் குறிப்பிடும் விலை வெறும் பரிந்துரைதான். விநியோகஸ்தர் தனி வியாபாரி என்பதால், தட்டுப்பாடான கார் கையில் இருக்கும்போது அதற்கு மேல் கேட்பார். அடுத்த கடைக்குப் போகலாம் என்றால், அடுத்த கடை இருக்க வேண்டுமே!

எல்லை தாண்டி வாங்குவதைத் தடுக்க முயன்ற உதாரணமும் உண்டு. இத்தாலியில் விலை மலிவாக இருந்ததால் ஜேர்மனியரும் ஒஸ்ட்ரியரும் அங்கு போய் கார் வாங்க முற்பட்டனர். அவர்களுக்கு விற்கவேண்டாம் என்று வொக்ஸ்வாகன் தனது இத்தாலிய விநியோகஸ்தர்களை நெருக்கியது. 1998இல் ஐரோப்பிய ஆணைக்குழு அந்நிறுவனத்துக்கு 102 மில்லியன் ஈ.சி.யூ. அபராதம் விதித்தது. பின்னர் நீதிமன்றம் அதை 90 மில்லியன் யூரோவாகக் குறைத்தது. சாதாரணக் கார்களுக்கே இந்த நிலை என்றால், எண்ணி விற்கும் கார்களைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

இரண்டாவது, பராமரிப்பு வாசல். நிஸான் ஜீ.டீ.ஆர். 2007 டிசம்பரில் ஜப்பானில் 77 இலட்சத்து 70 ஆயிரம் யென்னுக்கு விற்பனைக்கு வந்தது. 2025 ஆகஸ்டில் அதன் உற்பத்தி நின்றது. இக்காரைப் பராமரிக்கவென்றே ஜப்பானில் தனி நிலையங்கள் நியமிக்கப்பட்டன. வெளிக் கராஜில் இயந்திரத்தில் கைவைத்தால் உத்தரவாதம் பறிபோகும். மணிக்கு 180 கிலோமீற்றர் என்ற வேகத் தடையும் அனுமதிக்கப்பட்ட பந்தயத் தடங்களில் மட்டுமே விலகும். ஜப்பானிலிருந்து ரீகண்டிஷன் வாகனம் இறக்கிப் பழகிய நம்மவர்களுக்கு இது புதிதல்ல. முகவர் வழியின்றி வந்த வாகனம் மலிவாகக் கிடைக்கலாம். பழுது வந்தால் உற்பத்தியாளர் கதவைத் தட்ட முடியாது என்பதையும் சேர்த்துத்தான் கணக்குப் பார்க்க வேண்டும்.

மூன்றாவது, மறுவிற்பனை வாசல். லெக்ஸஸ் எல்.எப்.ஏ. கார்கள் 500 மட்டுமே தயாரிக்கப்பட்டன. அமெரிக்காவில் ஆரம்பத்தில் அவற்றை விற்காமல், இரண்டு வருடக் குத்தகைக்கே கொடுத்தார்கள். வாங்கியவுடன் இலாபத்துக்குக் கைமாற்றுவதைத் தடுப்பதே நோக்கம். ஜெனரல் மோட்டர்ஸ் 2022இல் வேறு வழியை எடுத்தது. கோர்வெட் இசட்06 போன்ற கார்களைப் பன்னிரண்டு மாதத்துக்குள் விற்றால், உத்தரவாதத்தின் சில பகுதிகள் அடுத்தவருக்கு மாறாது என அறிவித்தது.

கொம்பனிகளின் பக்கமும் நியாயம் இல்லாமல் இல்லை. இத்தகைய காரைத் திருத்த விசேட கருவியும் பயிற்சி பெற்ற ஆளும் வேண்டும். விற்பனை உறுதியில்லாவிட்டால் எந்த விநியோகஸ்தர் அதற்கு முதலீடு செய்வார்? பதுக்கி விற்பவர்கள் எல்லாவற்றையும் அள்ளிச் சென்றால் உண்மையாக ஓட்ட விரும்புபவர் ஏமாறுவார். கட்டுப்பாட்டினால் காரின் பெறுமதி காக்கப்படுவது வாங்கியவருக்கும் இலாபமே. ஆனால் அவசரப் பணத்தேவை வரும்போது அந்தப் பெறுமதியைக் காசாக்க முடியாமல் போவதுதான் அதன் மறுபக்கம்.

நானும் இதைப் பட்டுத்தான் அறிந்தேன். பல வருடங்களுக்கு முன் ஒரு மின்சாதனக் கொம்பனியின் மாவட்ட முகவராகச் சேர்ந்தேன். ஏக முகவர் என்ற பெயரில் மயங்கி ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கத்தைப் படிக்கவில்லை. சரக்குத் தேங்கியபோது பக்கத்து மாவட்டத்தில் ஆள் கேட்டும் விற்க முடியவில்லை. கொம்பனி திருப்பி எடுக்கவும் மறுத்தது. வங்கிக் கடனை அடைக்க, மனைவியின் நகையை அடகு வைக்க வேண்டியதாயிற்று.

ஆகவே முற்பணம் கட்டுமுன் நான்கு விடயங்களைக் கேளுங்கள். முழு விலை எவ்வளவு, அதில் விநியோகஸ்தர் கூட்டியது எவ்வளவு? எங்கே திருத்தினால் உத்தரவாதம் செல்லும்? எப்போது, யாருக்கு விற்கலாம்? விற்க முடியாமல் போனால் திருப்பி எடுப்பது யார், என்ன விலைக்கு? பதிலை எழுத்தில் வாங்குங்கள். காருக்கும் இது பொருந்தும், பற்றரிக்கும் பொருந்தும்.

துணிக்கடைக்காரருக்கு நான் சொன்ன பதில் இதுதான்: "விக்க ஏலும் தம்பி. ஆனா ஏலாது எண்டு நீயே கையெழுத்து வெச்சிருந்தா, அதுக்குப் பொறகு நியாயம் கேட்டு வேலையில்ல."

அவர் சிரித்துவிட்டுப் போனார். மறுநாள் காலை, மேசை லாச்சியில் இருந்த தனது முகவர் ஒப்பந்தத்தை எடுத்துக்கொண்டு வந்து என் முன்னே அமர்ந்தார். இருவருமாகக் கடைசிப் பக்கத்திலிருந்து படிக்கத் தொடங்கினோம்.