சொர்க்கத்துக்குக் காம்பவுண்டு சுவர்!

லீவு சாங்ஷன் ஆனதும் 'ஆஹா, பாரடைஸ்!' என்று பெருமூச்சு விடுகிற ஆசாமியா நீங்கள்? அந்த வார்த்தையின் ஆதி அர்த்தம் என்ன தெரியுமோ? காம்பவுண்டு சுவர்!

சத்தியமாகத்தான் சார். இங்கிலீஷில் சொர்க்கத்துக்கு இரண்டு பெயர். 'ஹெவன்' பழைய இங்கிலீஷில் ஆகாயத்தையும் குறித்தது. அண்ணாந்து பார்த்தால் போதும். 'பாரடைஸ்' அப்படியில்லை. ஏகப்பட்ட ஊர் சுற்றி வந்த வார்த்தை.

பிறந்த இடம் பழைய ஈரான். அவெஸ்தா மொழியில் 'பைரிதேஸா'. பைரி என்றால் சுற்றி. தேஸா என்றால் சுவர். வறண்ட பூமியில் ராஜாக்கள் தண்ணீர் கொண்டுவந்து, மரம் நட்டு, சுற்றிலும் மதில் எழுப்பினார்கள். உள்ளே இருந்த தோட்டத்துக்கே சுவரின் பெயர் ஒட்டிக்கொண்டது.

கி.மு. 401-ல் பாரசீக இளவரசன் சைரஸ், அண்ணனின் சிம்மாசனத்தைப் பிடிக்கக் கிளம்பினான். கூடவே கிரேக்கக் கூலிப்படை. அதோடு போனவர் ஜெனோபன். சைரஸ் போர்க்களத்தில் காலி. ஜெனோபன் கருங்கடல்வரை நடையாய் நடந்து ஊர்ப்பக்கம் திரும்பி, பிற்பாடு புத்தகம் எழுதினார். அதில் சைரஸின் வேட்டைப் பூங்காவுக்கு அவர் போட்ட பெயர் 'பாரடைசோஸ்'.

அவரே இன்னொரு புத்தகத்தில் ஒரு சம்பவம் சொல்கிறார். சார்டிஸ் நகரத் தோட்டத்தைப் பார்த்து ஸ்பார்ட்டா தளபதி லைசாண்டர் வாயைப் பிளக்கிறார். "சில மரங்களை நானே நட்டேன்" என்கிறான் சைரஸ். பட்டும் நகையுமாக நிற்கிறவனைப் பார்த்தால் நம்பவா முடியும்? 'உடம்பு நன்றாயிருந்தால் வியர்க்க உழைக்காமல் சாப்பிட உட்காரமாட்டேன்' என்று சாமிமேல் சத்தியமே செய்கிறான்!

கி.மு. 3-ம் நூற்றாண்டில் பைபிளின் ஆதியாகமத்தைக் கிரேக்கத்தில் பெயர்த்தவர்கள், ஏதேன் தோட்டத்துக்கு இதே வார்த்தையைப் போட்டார்கள். அப்புறமென்ன, தோட்டம் மேலே போய் சொர்க்கமாகிவிட்டது. அரபியில் அதுவே 'ஃபிர்தவ்ஸ்'.

ஆனால் சுவர் என்றால் இரண்டு பக்கம் உண்டே? உள்ளே இருந்தவனுக்கு அது தோட்டம். வெளியே நின்றவனுக்கு வெறும் சுவர்தான். இன்றைக்கும் 'அந்நியர் உள்ளே வரக்கூடாது' போர்டு மாட்டின கேட்டைத் தாண்டும்போது, அது எவ்வளவு பழைய சங்கதி என்று புரிகிறது.

கொசுறாக ஒன்று. 'தேஸா'வின் வேர், மண்ணைப் பிசைந்து உருவாக்குவது. நம் 'தேகம்' அதே வம்சம். 'லேடி'யும்தான்! பழைய இங்கிலீஷில் அவள் ரொட்டிக்கு மாவு பிசைகிறவள்.

ஆகவே வாலிபர்களே, வீட்டில் சப்பாத்திக்கு மாவு பிசையும்போது ஈஸிசேரை விட்டு எழுந்து போய்க் கைகொடுங்கள். இளவரசனே வியர்வை சிந்தியிருக்கிறான். உங்களுக்கென்ன?