கைப்பேசி தரும் துயரும் துணையும்



பள்ளியில் ஒருத்தியை யாரேனும் பழித்தால், மாலை மணி அடித்ததும் அந்தப் பழிச்சொல் பள்ளி வாசலோடு நின்றுவிட்ட காலம் ஒன்று உண்டு. இன்று அப்படியன்று. அது கைப்பேசிக்குள் புகுந்து தலையணை வரை வருகிறது. அனுப்பியவர் யார் என்பது தெரிவதில்லை. பார்த்தவர் எத்தனை பேர் என்பதும் தெரிவதில்லை. இதனையே இணையவழித் துன்புறுத்தல் என்கிறோம்.

ஏற்காட்டு விடுதிகளில் தங்கிப் பயிலும் நமக்கு இது எங்கோ நடக்கும் செய்தியாகத் தோன்றலாம். ஆனால் விடுமுறைக்கு இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து சேலம் சேர்ந்து, வீட்டில் கைப்பேசியைத் திறந்ததும், நாம் இல்லாதபோது நம்மைப் பற்றி எழுதப்பட்டவையெல்லாம் அங்கே காத்திருக்கக் கூடும்.

2016-ஆம் ஆண்டு ஜூன் மாதம் நம் சேலம் மாவட்டத்திலேயே ஒரு துயரம் நிகழ்ந்தது. 21 வயதுப் பட்டதாரிப் பெண் ஒருவரின் முகத்தை வேறோர் உடலோடு ஒட்டி, முகநூலில் யாரோ வெளியிட்டனர். பெற்றோர் காவல்துறையில் புகார் செய்தனர். படம் நீங்குவதற்குள் இன்னொரு படமும் வந்தது. அப்பெண் தம் உயிரை மாய்த்துக்கொண்டார். சில நாட்களுக்குள் இளைஞர் ஒருவர் கைது செய்யப்பட்டார். காவல்துறையினரின் மெத்தனத்திற்காக மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டார்.

ஒரு தற்கொலைக்கு ஒரே காரணத்தைச் சுட்டிவிட முடியாது. ஆயினும் ஒன்றை நாம் மறக்கலாகாது. குற்றம் செய்தவர் வேறொருவர்; வெட்கப்பட வேண்டியவரும் அவரே. முடிவே இல்லை என்று அன்று தோன்றிய இன்னலுக்கு முடிவு இருந்தது. அது சில நாள் தொலைவில் இருந்தது. அந்தச் சில நாட்களைக் கடக்கத் துணை வேண்டும். அதுவே இக்கட்டுரையின் கருத்து.

அத்துணையை எங்கே தேடுவது? முதலாவதாக, நம்பிக்கைக்குரிய பெரியவர் ஒருவரிடம் அன்றைக்கே சொல்லிவிட வேண்டும். தாய், தந்தை, ஆசிரியை, அருட்சகோதரி, அத்தை, யாராயினும் சரி. ஒருவர் செவிசாய்க்காவிட்டால் அடுத்தவரிடம் செல்ல வேண்டும். ஒரு கதவு திறக்கவில்லை என்பதால் எல்லாக் கதவுகளும் பூட்டப்பட்டுவிட்டன என்று பொருளல்ல.

இரண்டாவதாக, சான்றுகளை அழிக்கக் கூடாது. வசைச் செய்திகளையும், அனுப்பிய கணக்கின் பெயரையும், நாளையும் நேரத்தையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைக்கலாம். ஆபாசப் படமாயின் அதைப் பிறருக்கு அனுப்பிக் காட்ட வேண்டாம்; அது இருக்கும் இணைப்பைக் குறித்துக்கொண்டாலே போதும். மறுமொழி எழுதிச் சண்டையிடுவதும் வேண்டாம்.

மூன்றாவதாக, படத்தை நீக்க வழி உண்டு. முகநூல், இன்ஸ்டாகிராம் போன்றவற்றிலேயே புகார் செய்யலாம். 18 வயதுக்கு உட்பட்டோரின் அந்தரங்கப் படங்களுக்கென 'டேக் இட் டவுன்' என்னும் இலவசச் சேவையை அமெரிக்கக் குழந்தைகள் பாதுகாப்பு நிறுவனம் ஒன்று நடத்துகிறது. நம் படம் நம் கைப்பேசியை விட்டு வெளியே செல்வதில்லை. படத்திற்குக் கைரேகை போன்றதொரு குறியீடு உருவாகிறது. அக்குறியீடு மட்டுமே செல்கிறது. அதைக் கொண்டு, இச்சேவையில் சேர்ந்துள்ள நிறுவனங்கள் தம் தளங்களில் அப்படத்தைக் கண்டறிந்து நீக்குகின்றன. மத்திய அரசின் இணையக் குற்றப் புகார்த் தளத்தில், பெயர் சொல்லாமலும் இத்தகைய புகாரைப் பதியலாம். குழந்தைகளின் ஆபாசப் படத்தை வெளியிடுவோருக்கு, முதல் முறையிலேயே ஐந்தாண்டு வரை சிறைத் தண்டனை விதிக்கத் தகவல் தொழில்நுட்பச் சட்டம் இடமளிக்கிறது.

நான்காவதாக, வாழ்வே வேண்டாம் என்ற எண்ணம் எழுந்தால் ஒரு கணமும் தனித்திருக்க வேண்டாம். 14416 என்பது 2022-இல் தொடங்கிய 'டெலி மானஸ்' மனநல உதவி எண். இரவு பகல் எந்நேரமும் தமிழிலேயே பேசலாம், கட்டணமில்லை. 1098 சிறுவர் உதவி எண். தொலைபேசியில் ஆறுதல் கூறும் பணி புதிதன்று. 1953-இல் லண்டனில் சாட் வாரா என்ற குருவானவர் இதனைத் தொடங்கினார். சென்னையில் மருத்துவர் லட்சுமி விஜயகுமார் 1986-இல் 'சிநேகா'வை நிறுவினார். துயரைக் கொண்டுவரும் அதே கருவி துணையையும் கொண்டுவரும்.

இனி, தோழியருக்கு ஒரு சொல். நம்மில் ஒருத்தி திடீரென ஒதுங்கினால், உறங்காதிருந்தால், தனக்கு விருப்பமான பொருள்களைப் பிறருக்குக் கொடுத்தால், 'நான் எல்லோருக்கும் பாரம்' என்றால், கவனியாது விடலாமோ? 'சாக வேண்டும் என்று தோன்றுகிறதா?' என்று கனிவோடு நேராகவே கேட்கலாம். கேட்பதனால் அவ்வெண்ணம் புதிதாக முளைப்பதில்லை. கேட்க ஒருவர் இருக்கிறார் என்ற ஆறுதலே பிறக்கும். 'யாரிடமும் சொல்லாதே' என்று அவள் சத்தியம் வாங்கினாலும், பெரியவரிடம் சொல்லியே ஆக வேண்டும். அவள் சில நாள் கோபிக்கலாம். கோபிப்பதற்கேனும் அவள் நம்மோடு இருப்பாள் அன்றோ?

கேலிப் படம் ஒன்று நம் கைக்கு வரும்போது அதை மற்றவருக்கு அனுப்பாமல் நிறுத்துவதும் ஓர் உயிரைக் காப்பதே. இதற்குப் பெரிய வீரம் வேண்டுவதில்லை; ஒரு விரலை அடக்கினால் போதும்.