துருவைத் தடுப்பது எது: தூள் பூச்சா, வண்ணப்பூச்சா?

நியூஸிலாந்தின் மிகப் பெரிய நகரமான ஆக்லாந்தின் மையப்பகுதி வைட்டெமாட்டா துறைமுகத்தை ஒட்டி அமைந்துள்ளது. அங்கிருந்து வடகரைக்குச் செல்லும் ஆக்லாந்து துறைமுகப் பாலம் 1959ஆம் ஆண்டு மே 30ஆம் தேதி திறக்கப்பட்டது. 1,020 மீட்டர் நீளமுள்ள இந்த எஃகுப் பாலம் நான்கு தடங்களுடன் கட்டப்பட்டு, 1969இல் இருபுறமும் கூடுதல் பகுதிகள் இணைக்கப்பட்டு, எட்டுத் தடங்கள் கொண்டதாக விரிவாக்கப்பட்டது. கடற்காற்றிலிருந்து இதைக் காப்பாற்ற இதன் எஃகுப் பகுதிகளைக் கழுவுவதும், துருவைச் சுரண்டுவதும், மீண்டும் வண்ணம் பூசுவதும் தொடர்ச்சியாக நடைபெறும் பணிகளாக உள்ளன.

இதே நகரில், கரடுமுரடான பாதைகளில் ஓட்டுவதற்காக நான்கு சக்கர இயக்க வாகனம் வைத்திருப்பவர்களும் இதே பிரச்சினையைச் சிறிய அளவில் எதிர்கொள்கின்றனர். பம்பர், அடிச்சட்டம், சக்கர வளையம், சஸ்பென்ஷன் பாகங்கள் ஆகியவற்றுக்குப் பவுடர் கோட்டிங் எனப்படும் தூள் பூச்சு நல்லதா, அல்லது துருத்தடுப்பு வண்ணப்பூச்சு நல்லதா என்பதே அவர்கள் முன்னுள்ள கேள்வி.

இது அழகு குறித்த கேள்வி மட்டுமல்ல. நியூஸிலாந்தில் வாகனங்களுக்குக் கட்டாயமான வாரண்ட் ஆஃப் ஃபிட்னஸ் எனப்படும் தகுதிச் சோதனையில், சுமை தாங்கும் பாகங்களையும் இருக்கைப் பட்டிகள் பொருத்தப்பட்ட இடங்களையும் துரு பலவீனப்படுத்தியிருந்தால் வாகனம் நிராகரிக்கப்படும். பூச்சுக்கு அடியில் கண்ணுக்குத் தெரியாமல் வளரும் துரு, பயணிகளின் உயிருக்கே ஆபத்தாகலாம்.

கடலும் கருமணலும்

ஆக்லாந்து, இரு துறைமுகங்களுக்கு இடையே குறுகிய நிலப்பகுதியில் அமைந்த நகரம். கிழக்கே வைட்டெமாட்டாவும் மேற்கே மனுக்காவும் உள்ளன. மேற்குக் கரையில் முரிவாய் போன்ற கருமணல் கடற்கரைகள் உள்ளன. முரிவாய் கடற்கரையில் வாகனம் ஓட்ட ஆக்லாந்து மாநகர சபையின் அனுமதி பெற வேண்டும்.

மேற்குக் கரை மணலின் கருமைக்கு அதிலுள்ள இரும்புத் தாதே காரணம். ஆக்லாந்துக்குத் தெற்கே உள்ள க்ளென்புரூக் எஃகாலை, வைக்காட்டோ ஆற்று முகத்துவாரப் பகுதியில் தோண்டப்படும் இத்தகைய மணலைக் கொண்டே இரும்பு தயாரிக்கிறது. எஃகுக்கு மூலப்பொருள் தரும் அதே கரைதான் எஃகை விரைவாக அழிக்கவும் செய்கிறது.

காற்றில் கலந்துள்ள உப்பு எஃகின் மீது படிந்து ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்வதால், மழை இல்லாத நாளிலும் அரிப்பு தொடர்கிறது. ஐ.எஸ்.ஓ. 9223 என்ற சர்வதேசத் தரநிலை, சூழலின் அரிக்கும் தன்மையை வகுப்புகளாகப் பிரித்துள்ளது. அதன்படி, சாதாரண நகர்ப்புறச் சூழலைக் குறிக்கும் சி3 வகுப்பில், பூச்சற்ற எஃகு முதல் ஆண்டில் 25 முதல் 50 மைக்ரான் வரை தடிமன் இழக்கும். கடுமையான கடலோரச் சூழலைக் குறிக்கும் சி5 வகுப்பில் இந்த இழப்பு 80 முதல் 200 மைக்ரான் வரை இருக்கும். ஆயிரம் மைக்ரான்கள் சேர்ந்ததே ஒரு மில்லிமீட்டர். வாகனத்தின் பல பாகங்கள் சில மில்லிமீட்டர் தடிமன் மட்டுமே கொண்டவை என்பதால், இந்த அளவுகளைச் சிறியவை என ஒதுக்கிவிட முடியாது.

இரண்டும் செயல்படும் விதம்

தூள் பூச்சில், நுண்ணிய பிசின் தூளுக்கு மின்னேற்றம் செய்து, மண்ணிணைப்புச் செய்யப்பட்ட உலோகப் பாகத்தின் மீது தெளிக்கின்றனர். பின்னர் அதை அடுப்பில் வைத்துச் சுமார் 180 முதல் 200 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்கும்போது தூள் உருகி, இறுகி, ஒரே படலமாகிவிடுகிறது. கரைப்பான் ஏதும் தேவையில்லாததால் காற்று மாசடைவது மிகக் குறைவு. ஒரே சீராகவும் கெட்டியாகவும் அமையும் இந்தப் படலம் சிறிய உராய்வுகளை நன்கு தாங்கக்கூடியது.

துருத்தடுப்பு வண்ணப்பூச்சு பொதுவாக மூன்று அடுக்குகளாக அமைகிறது. அடியில் துத்தநாகம் நிறைந்த பிரைமர், நடுவில் ஈரத்தைத் தடுக்கும் எபாக்ஸி, மேலே வெயிலைத் தாங்கும் பாலியூரித்தேன். இவற்றுள் துத்தநாக அடுக்கு தனித்தன்மை வாய்ந்தது. பூச்சு கீறப்பட்டு எஃகு வெளியே தெரிந்தாலும், அருகிலுள்ள துத்தநாகம் முதலில் அரிக்கப்பட்டு, எஃகைச் சிறிது காலம் காப்பாற்றும்.

முதல் கீறலுக்குப் பின்

புதிதாகப் பூசப்பட்ட நாளில் இரண்டையும் ஒப்பிட்டால், தூள் பூச்சே உறுதியானதாகத் தோன்றும். ஆனால் கரடுமுரடான பாதையில் செல்லும் வாகனத்தின் அடிப்பாகத்தில் கற்கள் மோதுவதைத் தவிர்க்க முடியாது. ஆகவே, பூச்சு உடைந்த பிறகு என்ன நடக்கிறது என்பதைக் கொண்டே தீர்மானிக்க வேண்டியுள்ளது.

எஃகின் மீது துத்தநாகம் இன்றி நேரடியாகப் போடப்பட்ட தூள் பூச்சு ஓரிடத்தில் பெயர்ந்தால், உப்பு நீர் அந்த விளிம்பின் வழியே படலத்துக்கு அடியில் ஊடுருவுகிறது. துரு, தான் உருவான இரும்பைவிட அதிக இடத்தை அடைத்துக்கொள்வதால் படலத்தை மெல்ல நெம்பித் தூக்குகிறது. மேலிருந்து பார்ப்பவருக்குப் பூச்சு பெரும்பாலும் நன்றாகவே தெரியும். கொப்புளங்கள் தோன்றும்போதோ, பட்டையாக உரிந்துவரும்போதோதான் உள்ளே உலோகம் எவ்வளவு தின்னப்பட்டுள்ளது என்பது தெரியவரும். அப்போதும் அந்த இடத்தை மட்டும் முறையாகச் சீர்செய்வது எளிதல்ல. பாகத்தைக் கழற்றி, பழைய படலத்தை முழுவதும் நீக்கி, மீண்டும் அடுப்பில் வைக்க வேண்டும்.

வண்ணப்பூச்சு விரைவில் கீறல் விழக்கூடியது. எனினும் பாதிக்கப்பட்ட இடத்தை மட்டும் சுரண்டி, வீட்டிலேயே பிரைமரும் மேற்பூச்சும் அடித்துவிடலாம். துறைமுகப் பாலத்துக்கு வண்ணப்பூச்சு பொருந்துவதற்கும் இதுவே அடிப்படைக் காரணம். கழற்றி அடுப்பில் வைக்க முடியாத ஒன்றை, இருந்த இடத்திலேயே பகுதி பகுதியாகப் பராமரிக்க முடிகிறது.

எந்தப் பாகத்துக்கு எது?

எளிதில் கழற்றக்கூடியவையும் கல்லடி அதிகம் படாதவையுமான மேற்கூரைத் தாங்கி, ஏறுபடி, பம்பர் போன்றவற்றுக்குத் தூள் பூச்சு பொருத்தமானது. அதற்கு அடியில் துத்தநாக முலாமோ, துத்தநாகம் கலந்த தூள் பிரைமரோ இருந்தால் அதன் ஆயுள் வெகுவாக நீடிக்கும்.

அடிச்சட்டம், அச்சு உறை, சஸ்பென்ஷன் கைகள் ஆகியவை கல்லடி படுபவை, சுமையும் தாங்குபவை. இவற்றின் நிலையை அடிக்கடி கண்ணால் பார்த்து உடனுக்குடன் சரிசெய்ய வேண்டியிருப்பதால், வண்ணப்பூச்சே பாதுகாப்பான தேர்வு. பெட்டி வடிவ அடிச்சட்டத்தின் உட்புறத்தை மின்னேற்றப்பட்ட தூளும் சரியாக எட்டாது, தெளிப்பு வண்ணமும் எட்டாது. அங்கு மெழுகு கலந்த துருத்தடுப்பு எண்ணெயைத் துளைகள் வழியே உட்செலுத்துவதே வழி.

தூள் பூச்சுக்கான வெப்பமும் கவனத்துக்குரியது. ரப்பர் புஷ், சீல், பேரிங் ஆகியவற்றைக் கழற்றாமல் பாகத்தை அடுப்பில் வைக்கக்கூடாது. வெப்பப் பதனம் செய்யப்பட்ட அலுமினியச் சக்கரங்களை அதிக வெப்பத்தில் வைத்தால் அவற்றின் வலிமை குறையக்கூடும். சக்கரம் அச்சுமுனையுடன் பொருந்தும் பரப்பிலும், நட்டுகள் அமரும் இடங்களிலும் தடித்த பூச்சு இருந்தால், அது நாளடைவில் நசுங்கி நட்டுகள் தளர வாய்ப்புண்டு. அவ்விடங்களை மறைத்துவிட்டே பூச வேண்டும்.

வண்ணப்பூச்சிலும் ஆபத்து இல்லாமல் இல்லை. இரு கலவைப் பாலியூரித்தேனில் உள்ள ஐசோசயனேட் வேதிப்பொருள் ஆஸ்துமாவை உண்டாக்கக்கூடியது. தகுந்த சுவாசப் பாதுகாப்பு இன்றி வீட்டுக் கொட்டகையில் அதைத் தெளிப்பது தவிர்க்கப்பட வேண்டும்.

தமிழகக் கரையின் அனுபவம்

உப்புக் காற்றுடன் போராடுவது தமிழர்களுக்குப் புதிதல்ல. ராமேஸ்வரம் தீவை இணைக்கும் பழைய பாம்பன் ரயில் பாலம் 1914இல் திறக்கப்பட்டு, ஒரு நூற்றாண்டுக்கும் மேல் பராமரிப்பின் பலத்திலேயே நின்றது. 2022 டிசம்பரில் அதில் ரயில் போக்குவரத்து நிறுத்தப்பட்டது. 2025 ஏப்ரல் 6ஆம் தேதி திறக்கப்பட்ட புதிய பாலத்தின் எஃகுக்குப் பாலிசிலாக்ஸேன் எனப்படும் துருத்தடுப்புப் பூச்சு கொடுக்கப்பட்டுள்ளது. வள்ளல் அழகப்பச் செட்டியார் வழங்கிய நிலத்திலும் நிதியிலும் உருவாகி 1953இல் தொடங்கிவைக்கப்பட்ட காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனமும், பாம்பனுக்கு அருகிலுள்ள மண்டபத்தில் உலோகங்களையும் பூச்சுகளையும் கடற்காற்றில் வைத்து ஆராய்ந்துள்ளது.

இந்த அனுபவங்கள் அனைத்துக்கும் பொதுவான பாடம் ஒன்று உண்டு. பூச்சின் ஆயுள், பூசுவதற்கு முன்பே பெரும்பாலும் தீர்மானிக்கப்பட்டுவிடுகிறது. துருவும் உப்பும் எண்ணெய்ப் பிசுக்கும் நீங்க மணல் வீச்சு முறையில் உலோகம் தெரியுமளவுக்குத் தூய்மை செய்யாவிட்டால், விலை உயர்ந்த எந்தப் பூச்சும் நிலைக்காது. பூசிய பிறகு, கடற்கரைக்குச் சென்று திரும்பும் ஒவ்வொரு முறையும் வாகனத்தின் அடிப்பாகத்தை நன்னீரால் கழுவுவது, எந்தப் பூச்சைத் தேர்ந்தெடுத்தவருக்கும் தவிர்க்க முடியாத கடமை.

தூள் பூச்சைத் தேர்ந்தெடுப்பவர்கள் பலர், இனிக் கவனிக்கத் தேவையில்லை என்ற நம்பிக்கையில் அதற்குப் பணம் செலவிடுகின்றனர். அந்த நம்பிக்கைதான் ஆபத்தானது. ஆறு தசாப்தங்களுக்கும் மேலாக ஆக்லாந்து பாலம் உப்புக் காற்றில் நிற்பதற்குக் காரணம், அதற்கு முதலில் பூசப்பட்ட வண்ணத்தின் வலிமை அல்ல. ஆண்டுதோறும் யாரேனும் ஒருவர் அதன் அருகே சென்று பார்த்து, பழுதுபட்ட இடத்தில் மீண்டும் பூசிவருவதே.